குடியிருப்புப் பிரிவினை: எவரும் கேட்காமல் வந்ததற்கு யார் விலை கொடுப்பது?

தராசுமுள் (இழையைத் தொடங்கியவர்):

நகரங்களில் மக்கள் வருமானத்தாலும் இனத்தாலும் மொழியாலும் தனித்தனி வட்டாரங்களாகப் பிரிந்து வாழ்வதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், யார் பரந்த மனம் கொண்டவர், யார் குறுகிய மனம் கொண்டவர் என்ற இடத்தில்தான் அது போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கேள்வியைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம் என்பதே இந்த இழையின் நோக்கம். பிரிந்து வாழ்வதால் இழப்பு உண்டா, உண்டென்றால் அது யாருடைய கணக்கில் விழுகிறது, அதைச் சரிசெய்ய முயன்றவர்கள் என்ன கண்டார்கள் என்பவை என் கேள்விகள்.

முதலில் அளவுகோல். 1955-இல் சமூகவியலாளர்களான டங்கன் இணையர் விளக்கி நிலைநிறுத்திய வேறுபாட்டுக் குறியீட்டைத்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வுகள் கையாளுகின்றன. இரண்டு வட்டாரங்கள் மட்டுமே உள்ள நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இரு பிரிவினரும் ஆளுக்கு 1,000 பேர். முதல் பிரிவில் 800 பேர் கிழக்கிலும் 200 பேர் மேற்கிலும் வாழ்கிறார்கள், இரண்டாவது பிரிவினர் அப்படியே தலைகீழாக வாழ்கிறார்கள். குறியீடு 0.6. அதாவது, ஒரு பிரிவில் 600 பேர் இடம் மாறினால்தான் இரு வட்டாரங்களும் ஒரே விகிதத்துக்கு வரும். இந்த எண் பிரிவினை எவ்வளவு என்று சொல்லும். ஏன் வந்தது என்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை. சம்பளம் குறைவு என்பதால் மேற்கில் தங்கிவிட்டவரும், கிழக்கில் கதவு சாத்தப்பட்டதால் திரும்பியவரும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள்.

நாணயப்பலகை:

"ஏன்" என்ற கேள்விக்குப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1969-இலும் 1971-இலும் கொடுத்த விடையை நேற்றிரவு மேசைமேல் செய்து பார்த்தேன். எட்டுக்கு எட்டு சதுரங்கப் பலகை. நான்கு மூலைகளையும் விட்டுவிட்டு, மீதி 60 கட்டங்களில் செம்பு நாணயத்தையும் வெள்ளை நாணயத்தையும் மாற்றி மாற்றி வைத்தேன். விதி ஒன்றே ஒன்று: தன்னைச் சுற்றியுள்ள நாணயங்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் நிறமாக இருந்தால் போதும், அந்த நாணயம் நகராது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு அயல் நிறத்தார் இருப்பதைக் கூடப் பொறுத்துக்கொள்ளும் நாணயங்கள் இவை. மாற்றி மாற்றி அடுக்கிய நிலையில் எல்லோரும் நிம்மதியாகவே இருந்தார்கள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருபது நாணயங்களை எடுத்தேன். ஐந்தைக் கிடைத்த காலி இடங்களில் வைத்தேன். இப்போது அங்கங்கே சில நாணயங்களுக்குத் தன் நிறத்துத் துணை போதவில்லை. அவற்றை அருகில் உள்ள பொருத்தமான காலிக் கட்டத்துக்கு நகர்த்தினேன். ஒன்று நகர்ந்ததும் அது விட்டுப்போன இடத்தின் பக்கத்தில் இருந்தது தனித்துப்போனது, அதுவும் நகர்ந்தது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் வேறு நிறத்தான் ஒருவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேநீர் ஆறுவதற்குள் பலகையின் இடப்புறம் முழுக்கச் செம்பு, வலப்புறம் முழுக்க வெள்ளை. எந்த நாணயமும் அப்படி ஒரு பலகையைக் கேட்கவில்லை.

விதிப்புத்தகம்:

நாணயப்பலகை அவர்களின் சோதனை அழகானது, ஆனால் அந்த அழகே எனக்கு அச்சத்தைத் தருகிறது. "யாரும் கெட்டவரில்லை, தானாக நடந்தது" என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான கதை கிடைக்காது. உங்கள் பலகையில் வங்கி இல்லை, நகராட்சி இல்லை, பத்திரப் பதிவு இல்லை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆவணங்கள் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. எந்த இனத்தார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று நகரங்களே சட்டம் இயற்றின. 1917-இல் லூயிவில் நகரத்தின் அத்தகைய சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உடனே அந்த வேலையைக் கிரயப் பத்திரங்கள் ஏற்றுக்கொண்டன: இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை வீட்டோடு சேர்ந்தே கைமாறியது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948-இல்தான் வந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வர 1968 ஆயிற்று. இதற்கிடையில் 1930-களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரப் பகுதிகளைக் கடன் கொடுக்க எவ்வளவு பாதுகாப்பானவை என்று நான்கு நிறங்களில் தரம் பிரித்து வரைபடம் போட்டது. பச்சை முதல் தரம், சிவப்பு கடைசித் தரம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் அநேகமாக எல்லா நகரங்களிலும் சிவப்பில் விழுந்தன. அந்த வரைபடமே சீரழிவை உண்டாக்கியதா, ஏற்கெனவே இருந்த நிலையைப் பதிவு மட்டும் செய்ததா என்று பொருளாதார வரலாற்றாளர்கள் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1934 முதல் அடமானக் கடனுக்கு அரசு கொடுத்த காப்புறுதி அந்தப் பகுதிகளைத் தாண்டிப் போனது என்பதில் மட்டும் சண்டை இல்லை.

கடன் கிடைக்காத தெருவில் வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லாத தெருவில் வீட்டின் மதிப்பு ஏறாது. மதிப்பு ஏறாத வீட்டை வைத்துப் பிள்ளையின் படிப்புக்கோ தொழிலுக்கோ கடன் எடுக்க முடியாது. பெரும்பாலான குடும்பங்களுக்கு வீடுதான் ஒரே சேமிப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தச் சங்கிலியைப் பாருங்கள். இது விருப்பத்தில் தொடங்கிய கதை அல்ல.

ஏலக்குரல்:

நான் எதிர்க்கட்சியில் உட்காருகிறேன். மேலே கூறிய ஒவ்வொன்றும் அரசு செய்த வேலை, அல்லது அரசின் துணையோடு நடந்த வேலை. பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1957-இலேயே காட்டியது என்னவென்றால், பாகுபாடு காட்டுகிறவரும் அதற்கு விலை கொடுக்கிறார். நல்ல வாடகை தரத் தயாராக இருப்பவரைத் திருப்பி அனுப்பும் உரிமையாளர், அந்த வாடகையை இழக்கிறார். போட்டி உள்ள இடத்தில் அவர் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியாது. அரசு ஒதுங்கிக்கொண்டால் இது தானாகக் கரையும்.

இன்னொன்று, மக்கள் சேர்ந்து வாழ்வது எல்லாமே இழப்பு என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? சுவீடன் 1985 முதல் சில ஆண்டுகள் அகதிகளை அவர்கள் விருப்பத்தைப் பார்க்காமல் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியது. அதன் விளைவை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வு, படிப்புக் குறைந்தவர்கள் தம் நாட்டவர் அதிகமாக வாழும் இடத்தில் இருந்தபோது கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று கண்டது. புதிதாக வந்தவனுக்கு வேலை எங்கே இருக்கிறது, எந்த முதலாளி கூலியை இழுத்தடிப்பார் என்று அவன் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். நீங்கள் "பிரிவினை" என்று பெயர் வைப்பது, அவனுக்கு முதல் வேலைவாய்ப்பு அலுவலகம்.

வாடகைவீடு:

பொதுவாக இங்கே வாசிப்பதோடு நிறுத்திக்கொள்பவன் நான். ஏலக்குரல் அவர்கள் சொன்ன "நல்ல வாடகையைத் திருப்பி அனுப்பும் உரிமையாளர்" நானாக இருந்ததால் எழுதுகிறேன்.

என்னிடம் மூன்று தளங்கள் கொண்ட கட்டடம் இருந்தது. தரைத்தளம் காலியானபோது, கேட்ட வாடகைக்கு மேல் தரத் தயாராக ஒரு குடும்பம் வந்தது. முன்பணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் வேறு பிரிவினர் என்பதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. அன்று மாலையே முதல் தளத்தில் இருப்பவர் தொலைபேசியில் அழைத்தார். "எனக்கு ஒன்றும் இல்லை சார், மாடியில் இருக்கிறவர்கள்தான் காலி செய்துவிடுவார்களோ என்று பார்க்கிறேன்" என்றார். இரண்டாம் தளத்துக்காரர் படிக்கட்டில் பார்த்தபோது ஏறத்தாழ அதே சொற்களை முதல் தளத்துக்காரரைப் பற்றிச் சொன்னார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எல்லோருக்கும் மற்றவருடைய ஆட்சேபத்தின் மீதுதான் பயம். இரண்டு வாடகையை இழந்து ஒன்றைக் கூடுதலாகப் பெறுவதா என்று கணக்குப் போட்டுப் பார்த்து, வீட்டைப் பேசி முடித்தாகிவிட்டது என்று அந்தக் குடும்பத்திடம் பொய் சொன்னேன். என் கணக்குப்படி நான் பாகுபாட்டுக்கு விலை கொடுக்கவில்லை. அதைத் தவிர்ப்பதற்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் குடும்பம் பிறகு எங்கே வீடு எடுத்தது என்று எனக்குத் தெரியாது.

தராசுமுள்:

வாடகைவீடு அவர்கள் எழுதியதற்கு நன்றி. பெக்கரின் வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை அந்தப் படிக்கட்டுப் பேச்சு காட்டிவிட்டது. உரிமையாளர் விற்பது நான்கு சுவரை மட்டும் அல்ல. அக்கம்பக்கத்தையும் சேர்த்தே விற்கிறார். அக்கம்பக்கத்தார் போய்விடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருக்கும்வரை, போட்டியே பாகுபாட்டைக் காக்கும், கரைக்காது.

இதை நகர அளவில் சோதித்திருக்கிறார்கள். கார்ட், மாஸ், ராத்ஸ்டைன் ஆகிய மூவர் 1970 முதல் 2000 வரையிலான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு வட்டாரத்தில் சிறுபான்மையினர் பங்கு குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டியதும் வெள்ளையர் எண்ணிக்கை சரியத் தொடங்குகிறது. அந்தப் புள்ளி பெரும்பாலான நகரங்களில் 5 முதல் 20 விழுக்காட்டுக்குள் விழுந்தது. சரிவு படிப்படியாக வரவில்லை, படிக்கட்டில் கால் தவறியது போல் வந்தது.

விலையைப் பார்த்தால் காரணத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். இதில் கட்லர், கிளேசர், விக்டார் ஆகியோரின் 1999-ஆம் ஆண்டுக் கட்டுரை எனக்குப் பிடித்தமான துப்பறிதல். கதவு சாத்தப்பட்டதால் பிரிவினை என்றால், உள்ளே அடைபட்டவர்கள் குறைந்த இடத்துக்குப் போட்டியிட்டு அதே தரமான வீட்டுக்கு அதிகம் கொடுப்பார்கள். விலகிப் போக விரும்புகிறவர்களால் பிரிவினை என்றால், விலகுகிறவர்கள்தான் தம் தனிமைக்கு அதிகம் கொடுப்பார்கள். 1940-இல் பிரிவினை மிகுந்த நகரங்களில் கறுப்பினத்தவர் ஒப்பீட்டளவில் அதிகம் கொடுத்தார்கள். 1990-இல் தட்டு மறுபக்கம் சாய்ந்து, வெள்ளையர் அதிகம் கொடுத்தார்கள். ஆக, விதிப்புத்தகம் அவர்கள் சொன்னதும் நாணயப்பலகை அவர்கள் சொன்னதும் வெவ்வேறு காலத்து உண்மைகள். சட்டம் போட்ட கோட்டின் மேல் பிறகு விலை நடக்கக் கற்றுக்கொண்டது.

ஏழாம்வகுப்பு:

பெரியவர்களின் வாடகையையும் வீட்டு மதிப்பையும் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். பிரிவினையின் செலவு எந்த வயதில் விழுகிறது என்பதற்கு இருப்பதிலேயே நம்பகமான சான்று ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாடகை உதவிச் சீட்டு கிடைத்தது, ஆனால் வறுமை விகிதம் 10 விழுக்காட்டுக்குக் குறைவான வட்டாரத்தில் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். இரண்டாவது குழுவுக்கு வழக்கமான சீட்டு, எங்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். மூன்றாவது குழுவுக்குப் புதிதாக எதுவும் இல்லை. குலுக்கல் என்பதால், "முயற்சி உள்ளவர்கள் நல்ல இடத்துக்குப் போனார்கள், அதனால் முன்னேறினார்கள்" என்ற வழக்கமான ஐயத்துக்கு இதில் இடமில்லை.

பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பெரியவர்களின் வருமானத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மன நலம் மேம்பட்டது. மிகு உடல் பருமனும் நீரிழிவும் குறைந்தன. சம்பளம் அப்படியே இருந்தது. திட்டம் தோல்வி என்று பலர் அப்போதே எழுதிவிட்டார்கள். அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, அவர்களுடைய வரிக் கணக்குகளோடு ஒப்பிட்டுச் செட்டி, ஹெண்ட்ரன், காட்ஸ் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு படத்தை மாற்றியது. 13 வயதுக்குள் குறைந்த வறுமை வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள், இருபதுகளின் நடுவில், பெயராதவர்களைவிட ஏறத்தாழ 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். 13 வயதுக்கு மேல் பெயர்ந்தவர்களுக்கு ஆதாயம் இல்லை. சற்று இழப்புகூடத் தென்பட்டது. ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் ஒரே நாளில் பெட்டி கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்: தம்பிக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினைந்து. அக்காவுக்குப் பள்ளியும் தோழிகளும் அறுந்துபோனதுதான் மிச்சம்.

சிகாகோவில் அரசுக் கட்டடங்கள் இடிக்கப்பட்டதால் வெளியேற நேர்ந்த பிள்ளைகளைப் பற்றி 2018-இல் எரிக் சின் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. இடிக்கப்படாத பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகளைவிட இவர்கள் பெரியவர்களான பின் 16 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள்.

ஏலக்குரல்:

சான்றை ஏற்கிறேன், முடிவை ஏற்பதற்கு முன் இரண்டு தடைகள். சீட்டுக் கிடைத்தும் முதல் குழுவில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த வட்டாரங்களுக்குப் போகவே இல்லை. அவர்களுடைய தேர்வை மதிக்க வேண்டாமா? அடுத்து, 4,600 குடும்பங்கள் நகர்வது வேறு, நாலரை லட்சம் குடும்பங்கள் நகர்வது வேறு. அப்போது போய்ச் சேரும் வட்டாரமே மாறிவிடும், நாணயப்பலகை அவர்களின் விளையாட்டு அங்கே மறுபடி தொடங்கும்.

ஏழாம்வகுப்பு:

முதல் தடைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சியாட்டில் பகுதியில் பின்னாளில் நடந்த சோதனையில், சீட்டு பெற்ற குடும்பங்களுக்கு வீடு தேடித் தருவதிலும் உரிமையாளரிடம் பேசுவதிலும் முன்பணத்திலும் உதவினார்கள். வாய்ப்பு மிகுந்த வட்டாரத்துக்குப் போனவர்கள் 15 விழுக்காட்டிலிருந்து 53 விழுக்காடு ஆனார்கள். சீட்டின் மதிப்பு ஒன்றுதான், விருப்பமும் ஒன்றுதான். கூட வந்து கதவைத் தட்ட ஆள் இருந்தார். "அவர்களே தேர்ந்தெடுத்த இடம்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவதில் எவ்வளவு பங்கு தேடும் சிரமம் என்பது இதிலிருந்து புலப்படும். வாடகைவீடு அவர்களின் வாசலில் நின்ற குடும்பம் எத்தனை வாசல் ஏறியிருக்கும் என்றும் யோசித்தேன்.

விதிப்புத்தகம்:

இரண்டாவது தடையை நான் எடுத்துக்கொள்கிறேன். போய்ச் சேரும் வட்டாரத்தில் இடம் ஏன் இல்லை என்று கேளுங்கள். நிலப் பயன்பாட்டு விதிகளை வகுக்க நகராட்சிகளுக்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்தது. இனம் என்ற சொல்லே இல்லாமல் அதே வேலையைச் செய்ய அந்த விதிகள் போதும். வீடு ஒன்றுக்குக் குறைந்தது 10,000 சதுர அடி மனை வேண்டும் என்று விதி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 சதுர அடியில் நிம்மதியாக வாழக்கூடிய குடும்பம் ஐந்து மடங்கு நிலத்தை வாங்கினால்தான் உள்ளே வரலாம். அடுக்குமாடி கூடாது, இரு குடும்ப வீடு கூடாது என்று இரண்டு வரி சேர்த்தால், வாடகைக்கு இருப்போரில் பெரும்பாலோர் அந்த எல்லைக்குள் வர முடியாது. வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அரசுப் பள்ளியில் இடம் என்பதால், உள்ளே உள்ள பள்ளியின் தரம் வீட்டு விலையில் ஏறிவிடும்: பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக் கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு 1999-இல் சாண்ட்ரா பிளாக் காட்டியது போல, தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு உயர்ந்தால் பெற்றோர் ஏறத்தாழ 2.5 விழுக்காடு அதிக விலை கொடுக்கிறார்கள். கட்டணமில்லாப் பள்ளி என்று பெயர், கட்டணத்தை வீட்டு விலையில் கட்டிவிடுகிறார்கள்.

ஏலக்குரல் அவர்களே, அரசு ஒதுங்க வேண்டும் என்ற உங்கள் வாதத்தை இந்த இடத்தில் நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். முதலில் இந்த விதியிலிருந்து ஒதுங்கட்டும்.

ஏலக்குரல்:

இதில் நமக்குள் வேறுபாடு இல்லை. கட்ட அனுமதியுங்கள், மீதியைப் பிறகு பேசலாம்.

அடுக்குமாடி:

கட்டுவது மட்டும் போதுமென்றால் சிங்கப்பூர் ஒதுக்கீட்டு விதி கொண்டுவந்திருக்க வேண்டியதே இல்லை. அங்கே ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். பற்றாக்குறை பெரிய அளவில் தீர்ந்த பிறகும், மறுவிற்பனை வழியாக இனவாரியான கொத்துகள் உருவாகத் தொடங்கின. 1989-இல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இனவாரி உச்சவரம்பு வைத்தார்கள்: சீனர் கட்டடத்தில் 87, வட்டாரத்தில் 84 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, மலாய் இனத்தவருக்கு 25, 22 என்று வரம்பு.

பிரிவினை குறைந்தது. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டடத்தில் ஓர் இனத்தின் வரம்பு நிறைந்துவிட்டால், வேறு இனத்தைச் சேர்ந்த உரிமையாளர் தன் வீட்டை அந்த இனத்தாருக்கு விற்க முடியாது. தன் இனத்தாருக்கு விற்கலாம். சிறுபான்மை உரிமையாளருக்கு வாங்கும் கூட்டம் சிறிது, ஆகவே விலையும் இறங்குகிறது, காத்திருப்பும் நீள்கிறது. ஊருக்கே பயன்தரும் கலப்புக்கான செலவை, கலப்பால் குறைந்த எண்ணிக்கையில் நிற்பவர் தன் கிரயப் பணத்திலிருந்து கட்டுகிறார். இதை அரசே ஈடுசெய்ய வேண்டும் என்பது என் கட்சி.

பிரான்ஸ் சுமையை வேறு தோளில் வைத்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நகராட்சிகளில் 20 விழுக்காடு வீடுகள் வருமானம் குறைந்தோருக்கான சமூக வாடகை வீடுகளாக இருக்க வேண்டும். 2013-இல் பெரும்பாலான இடங்களுக்கு அது 25 ஆனது. எட்டாத நகராட்சி அபராதம் கட்டும். வசதி படைத்த சில நகராட்சிகள் கட்டடம் கட்டுவதைவிட அபராதத்தைக் கட்டுவதே மேல் என்று இருந்துவிட்டன. அவர்கள் தம் தனிமைக்கு என்ன மதிப்பு வைத்திருக்கிறார்கள் என்று அறிய வேறு கணக்கெடுப்பு தேவையில்லை.

நாணயப்பலகை:

இரண்டு நாள் இழையை வாசித்துவிட்டு மறுபடி பலகைக்குப் போனேன். பிரிந்து நிற்கும் அதே நிலையில் விதியை மட்டும் மாற்றினேன்: இனி எந்த நாணயத்துக்கும் அயலார் நிறம் ஒரு பொருட்டே அல்ல. அதாவது 1968-இன் சட்டம் வந்துவிட்டது, மனமும் மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். ஒன்றுகூட நகரவில்லை. நகரக் காரணம் இல்லையே; எல்லோரும் இருக்கும் இடத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பிறகு பகடை உருட்டி, எண் விழுந்த நாணயத்தை வேலை மாற்றம் என்று சொல்லி ஏதேனும் ஒரு காலிக் கட்டத்தில் வைத்தேன். மெல்லக் கலந்தது. ஆனால் ஏழாம்வகுப்பு அவர்கள் சொன்ன தேடும் சிரமம் நினைவுக்கு வந்தது. காலி வீட்டைப் பற்றித் தெரிந்தவர் சொல்லித்தானே தெரியும்? எனவே, நகரும் நாணயம் தன் பழைய பக்கத்து நாணயங்களுக்கு அருகில் உள்ள காலிக் கட்டத்தில்தான் உட்கார வேண்டும் என்று விதித்தேன். கலப்பு அத்தோடு நின்றது. வெறுப்பு துளியும் இல்லாத பலகை, நடுவில் கோடு அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. காலிக் கட்டங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டின் ஓரமாகவே சேர்ந்து கிடந்தன. வெள்ளைப் பகுதியின் உட்புறத்தில் ஒன்றுகூடக் காலி இல்லை. அட்டையை வெட்டி அந்தப் பக்கம் ஒரு வரிசை கூடுதலாக ஒட்டி, அதில் பாதிக் கட்டங்களைக் குலுக்கலில் நிரப்பியிருக்கிறேன். நாற்பது உருட்டல் முடிந்திருக்கிறது. புது வரிசையை ஒட்டிய வெள்ளை நாணயங்கள் இன்னும் இடத்தைவிட்டு எழவில்லை. ஆனால் அவற்றுக்கு நிறம் பொருட்டல்ல என்ற விதியில்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். பழைய மூன்றில் ஒரு பங்கு விதியைத் திரும்பக் கொண்டுவந்து நாளை பார்க்கிறேன்.